எண்பத்தேழாம் பக்கம்

நெடுங்கேணி
06.01.2025

மதிப்பிற்குரிய செல்வநாயகம் மாஸ்டர் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. வட்டக்கச்சியில் உங்கள் ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருந்த சிவலட்சுமி. சங்கிலியின் மகள். இப்போது நெடுங்கேணிச் சந்தைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்குக் காது கேட்பதில்லை, போனில் கதைத்துப் பயனில்லை என்று என் கூடப்பிறந்த சுமன் அண்ணன் சொன்னார். அதுவும் நல்லதுதான். போனில் கதைத்ததைப் பிறகு யாரும் சொல்லவில்லை என்று விடலாம். பதிவுத் தபாலை அப்படி விடமுடியாது.

பாடசாலைப் பொன்விழா மலரில், வெளிவர இருக்கும் உங்கள் விமான நூலிலிருந்து எண்பத்தேழாம் பக்கத்தைப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் மறந்திருந்தால் உங்கள் வசனத்தையே எழுதுகிறேன்: “அன்று அந்த இலகு குண்டுவீச்சு விமானத்தை எமது கிராமத்தின்மேல் ஈர்த்தது, சங்கிலி என்ற கூலியாள் தன் குடிசைக்குப் புதிதாகப் போட்டு, ஓலையால் மூடாமல் விட்ட தகரக் கூரையின் மினுக்கமே. ஒருவனின் அறியாமை அவனோடு சேர்த்து மூன்று உயிர்களைக் குடித்தது.”

சுமன் அண்ணனின் மகள் யதுர்ஷிகா அதே பாடசாலையில் பதினோராம் வகுப்பு. மலர் வந்த மறுநாள் ஒரு பிள்ளை அவளிடம், “உங்கட அப்பப்பா தானே பிளேனைக் கூப்பிட்டவர்?” என்று கேட்டிருக்கிறது. வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து அவள் பாடசாலைக்குப் போகவில்லை. சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

நூல் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சங்கிலி சிவலட்சுமி

●

வட்டக்கச்சி
17.01.2025

சிவலட்சுமிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. எழுத்து மோசமில்லை. கடைசி வாங்குக்கும் ஏதோ ஏறியிருக்கிறது.

நீர் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணைக் கசக்குகிறீர். நூல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினொரு வருட உழைப்பு. இந்த நாட்டில் அந்த விமானத்தைப் பற்றித் தமிழில் ஒருவனும் உருப்படியாக எழுதவில்லை. குண்டு விழுந்ததை எல்லோரும் சொல்வார்கள். விழுத்தியது எது, அதை யார் எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டால் வாயைப் பிளப்பார்கள். நீரும் அறியமாட்டீர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அது குண்டு போடுவதற்கென்று செய்த விமானமே அல்ல. ஐரோப்பாவில், விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காகச் செய்தது. முன்னால் ஒரு விசிறி. பழகுகிறவனும் பழக்குகிறவனும் அருகருகே இருக்க இரண்டு ஆசனம். விலை குறைவு, திருத்துவது சுலபம், குட்டையான ஓடுபாதை போதும். பிறகு சிறிய நாடுகள் சில வந்து, இதன் இறக்கைக்குக் கீழே எதையாவது மாட்டலாமா என்று கேட்டன. செய்தவர்கள் இறக்கையைப் பலப்படுத்தி, இரு பக்கமும் கொளுவிகள் வைத்துக் கொடுத்தார்கள். பழகும் விமானம் இப்படித்தான் குண்டுவீச்சு விமானம் ஆனது. எதிரியிடம் சுட்டு விழுத்த ஒன்றும் இல்லாத இடங்களில் அது ராசா. இங்கே அது வந்தது அதனால்தான். எங்கள் சனம் அதன் சத்தத்தைக் கேட்டு வைத்த பெயர் ‘தையல் மெசின்’. இவ்வளவு நுட்பமான பொறிக்கு இதைவிட அறிவான ஒரு பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதில் குறி பார்க்கும் கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விமானி கண்ணால் பார்த்துத்தான் போடுவான். பச்சை வயலுக்கு நடுவில் எது கண்ணைக் குத்துகிறதோ அதற்குத்தான் இறங்குவான். தகரம் வெயிலில் மினுங்கும். இது பௌதிகம். பௌதிகத்துக்கு உமது தகப்பன்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளையைப் பாடசாலைக்குப் போகச் சொல்லும். சிரிப்புக்குப் பயந்து படிப்பை விடுவது உங்கள் ஆட்களின் பழைய பழக்கம்.

க. செல்வநாயகம்
இளைப்பாறிய ஆசிரியர்

●

நெடுங்கேணி
25.01.2025

செல்வநாயகம் மாஸ்டருக்கு,

பாடத்துக்கு நன்றி. பழகுவதற்கென்று செய்தார்கள், எங்கள்மேல் பழகினார்கள். இதைச் சொல்ல உங்களுக்குப் பதினொரு வருடம் பிடித்திருக்கிறது.

பௌதிகம் எனக்குத் தெரியாது. கூரை தெரியும். 1991இல் எங்கள் குடிசைக்கு இருந்தது இலுக்குப்புல் கூரை. அப்பாவும் அம்மாவும் வெட்டிக் கட்டி வேய்ந்தது. குண்டில் குடிசை எரிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் ஒரு தொண்டு நிறுவனம் தகரம் கொடுத்தது. நீங்கள் பிறகு பார்த்த கூரையை முன்னுக்குக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறீர்கள். இலுக்குப்புல் வெயிலில் மினுங்குமா என்று உங்கள் பௌதிகத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மலரில் வந்த பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். இறக்கையின் நீளம் இருக்கிறது, குண்டின் நிறை இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதுகூட இருக்கிறது. அன்று என்ன விசேஷம் என்பது மட்டும் இல்லை. அன்று உங்கள் தங்கை கமலாசனி அக்காவின் கலியாணம்.

மாப்பிள்ளை வீட்டார் உழவு மெசின் பெட்டியில் வாய்க்கால் றோட்டில் வந்து இறங்குவதாக ஏற்பாடு. அங்கிருந்து உங்கள் வீட்டு வாசல் படலை வரைக்கும் வயல் வரம்பு. மாப்பிள்ளை மிதித்து நடக்க நிலபாவாடை விரிக்கிற மற்ற ஆட்கள் இரண்டு துண்டு வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை ஒன்றைத் தாண்டியதும் பின்னால் கிடப்பதை எடுத்து முன்னால் போடுவார்கள். உங்களுக்கு அது போதவில்லை. றோட்டிலிருந்து படலை வரை ஒரே வெள்ளையாக, முதலே விரித்துக் கிடக்கவேண்டும் என்றீர்கள். யாழ்ப்பாணத்தில் உங்கள் ஐயாவின் கலியாணத்துக்கு அப்படித்தானாம். காட்டுக்குள் வந்து குடியேறினாலும் குறைந்துபோகவில்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டவேண்டும். சங்கக் கடையில் மல் துணி கட்டுக் கட்டாக எடுத்துப் பொருத்தித் தைப்பித்தீர்கள். அதை விரித்தது என் அப்பா.

ஆனி மாதம். வயல் முழுக்கப் பச்சை. நடுவில் நீட்டாக வெள்ளை. கண்ணைக் குத்துவது எது என்று உங்கள் கடிதத்தில் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், மாஸ்டர். பொருளைத்தான் மாற்றி எழுதிவிட்டீர்கள்.

சிவலட்சுமி

●

வட்டக்கச்சி
03.02.2025

சிவலட்சுமிக்கு,

நிலபாவாடை எமது வழக்கம். அதைப் பற்றி நீர் எனக்கு எழுதுவது வேடிக்கை.

அன்று நடந்ததை நீர் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணால் பார்க்கிறீர். நான் கொப்பி வைத்திருந்தவன். ஏழு மாதமாக அந்த விமானம் வந்த நாள், நேரம், திசை, சுற்றிய தடவை எல்லாம் அதில் இருக்கிறது. இடம்பெயர்ந்த போதெல்லாம் அரிசியை விட்டுவிட்டு அந்தக் கொப்பியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊரே என்னிடம் வந்து நேரம் கேட்கும். கதிர் அறுக்க, பிணம் எடுக்க, பிள்ளைக்குப் பால் மா வாங்கப் போக, எல்லாவற்றுக்கும். பஞ்சாங்கத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். உமது தகப்பனும் கேட்டவன்தான்.

கொப்பியின்படி, காலையில் ஒரு தரம் வந்துபோனால் பின்னேரம் மூன்று மணிக்கு முன் அது மறுபடி வந்ததில்லை. ஐம்பத்தொரு தடவையில் ஒரு தடவையும் இல்லை. அன்று காலை எட்டே காலுக்கு வந்து போய்விட்டது. முகூர்த்தம் பதினொன்றுக்கு. வேறு எந்த ஊரில் இப்படிக் கணக்குப் பார்த்துக் கலியாணம் வைத்தார்கள்?

அதோடு, மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானதும் துணியைச் சுற்றிவைக்கும்படி சங்கிலியிடம் நேரத்துக்கே சொன்னேன். அவன் வெற்றிலை போட எங்கேயோ போயிருந்தான். அந்தச் சோம்பலைக் கூரை என்று எழுதி மரியாதையாகத்தான் விட்டிருக்கிறேன். அதற்கு நீர் நன்றி சொல்லவேண்டும்.

இனி எழுதவேண்டாம்.

க. செல்வநாயகம்

●

நெடுங்கேணி
11.02.2025

செல்வநாயகம் மாஸ்டருக்கு,

எழுதத்தான் செய்வேன். இப்போது நான் உங்கள் வகுப்பில் இல்லை.

முதலில் கூரை. கூரை இல்லையென்றானதும் சோம்பல். சோம்பலும் சரிவராவிட்டால் அடுத்தது என்ன, அப்பாதான் விமானத்தை ஓட்டி வந்தார் என்பீர்களா?

அப்பா வெற்றிலை போடுகிறவரே அல்ல. ஊரில் எல்லோருக்கும் தெரியும். தன் வயலில் பதினான்கு வருடம் வேலை செய்த மனிதனின் வாயைக்கூட நிமிர்ந்து பார்க்காத ஒருவர், ஆறாயிரம் அடிக்கு மேலே போன விமானத்தின் வரலாற்றை எழுதியிருக்கிறார்.

விரிக்கும்போதே அப்பா உங்களிடம் சொன்னார். நான் பூத்தட்டோடு பக்கத்தில் நின்றேன். “மேல இருந்து பார்த்தா கோடு போட்ட மாதிரி தெரியுமுங்க ஐயா, மாப்பிள்ளை வந்து இறங்கினதும் விரிச்சுக்கலாம்” என்றார். நீங்கள் கொப்பியால் அவர் தோளில் தட்டி, “பிளேனைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?” என்றீர்கள். நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அவர் சிரித்ததுதான்.

பத்தரைக்குச் சத்தம் கேட்டது. எல்லோரும் உங்கள் வீட்டுப் பங்கருக்குள் ஓடினோம். கமலாசனி அக்கா கலியாணச் சேலையோடு எனக்குப் பக்கத்தில் இருந்தார். பங்கர் வாசலில் கடைசியாக அப்பா. ஒரு கால் உள்ளே வைத்துவிட்டார். அப்போதுதான் உங்களுக்குத் துணி நினைவு வந்தது. உள்ளே இருந்துகொண்டே கத்தினீர்கள்: “டேய் சங்கிலி, ஓடிப்போய்த் துணியைச் சுத்தடா!”

அப்பா உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார்.

நான் வாசல் ஓட்டையால் பார்த்தேன். இழுத்துக்கொண்டு வந்திருந்தால் தப்பியிருப்பார். அவர் இழுக்கவில்லை. சேறு பிரண்டால் நீங்கள் ஏசுவீர்கள் என்று, குந்தியிருந்து ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு வந்தார். முதல் குண்டு வரம்பில் விழுந்தது. இரண்டாவது எங்கள் குடிசை வரிசையில். அங்கே காய்ச்சலோடு படுத்திருந்த ஜெயரூபி அக்காவும் அவர் கணவரும் போனார்கள். உங்கள் நூலில் அவர்கள் வெறும் ‘உயிர்கள்’.

அப்பாவைச் சுற்ற வேறு துணி இருக்கவில்லை. அவர் சுற்றி வைத்திருந்த துணியில்தான் சுற்றினோம். சேறு பிரளாத பக்கமாக அம்மா பார்த்து வெட்டினார்.

உங்கள் காது போகத் தொடங்கியதும் அன்றைக்குத்தான் என்று ஊரில் சொல்வார்கள். நான் சொல்வதை நம்பவேண்டாம். கமலாசனி அக்கா பிரான்சில் இருக்கிறார்தானே, எழுதிக் கேளுங்கள். கேட்கிற துணிவு இருந்தால்.

சிவலட்சுமி

●

வட்டக்கச்சி
20.03.2025

சிவலட்சுமிக்கு,

தாமதத்துக்குக் காரணம் சொல்லவேண்டிய தேவை எனக்கு இல்லை.

கமலாசனிக்கு எழுதினேன். பதில் வந்தது. அது எங்கள் குடும்ப விஷயம்.

நூல் இதற்கிடையில் அச்சாகிவிட்டது. முந்நூறு பிரதி என் அறையில் அடுக்கிக் கிடக்கிறது. நீர் கேட்டபடி ஒவ்வொரு பிரதியிலும் எண்பத்தேழாம் பக்கத்தை நானே பிளேட்டால் வெட்டி எடுத்திருக்கிறேன். ஐந்து நாள் பிடித்தது. என் வயதில் இதை வேறு ஒருவனும் செய்யமாட்டான். அத்தாட்சிக்கு ஒரு பிரதி இத்துடன் வருகிறது.

வெளியீடு ஏப்ரல் 26, சனிக்கிழமை காலை, பாடசாலை மண்டபத்தில். நீர் வரவேண்டியதில்லை. உமது விவகாரம் முடிந்தது.

க. செல்வநாயகம்

●

நெடுங்கேணி
27.03.2025

செல்வநாயகம் மாஸ்டருக்கு,

நூல் கிடைத்தது. முழுவதும் வாசித்தேன். திருப்பி அனுப்புகிறேன்.

வெட்டு நேராக இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கிறவள் என்பதால் கண்ணில் பட்டது. அது கிடக்கட்டும். எண்பத்தாறாம் பக்கத்தின் அடியில் விமானம் ஓடுபாதையிலிருந்து எழும்புகிறது. அடுத்தது எண்பத்தொன்பதாம் பக்கம். அதில் விமானம் பத்திரமாக இறங்குகிறது, என்ஜினுக்கு எண்ணெய் மாற்றுகிறார்கள், எந்த எண்ணெய் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் அது எங்கே போனது? காற்று வாங்கப் போனதா?

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அந்த விமானத்துக்குக் கீழே ஆள் நின்ற ஒரேயொரு பக்கம் அதுதான். பொய்யாக நின்றாலும் என் அப்பா அங்கே நின்றார். இப்போது அவரும் இல்லை, ஜெயரூபி அக்காவும் இல்லை, உங்கள் தங்கையின் கலியாணமும் இல்லை. வெள்ளையும் இல்லை. ஒரு விமானம் எழும்புகிறது, இறங்குகிறது. எவ்வளவு சுத்தமான வரலாறு.

எடுத்துவிடுங்கள் என்று கேட்டது என் மடத்தனம். கொடுத்ததே போதும், அமைதியாக இருந்தால் போதும் என்று கேட்டுப் பழகிய வாய். அதைத் திருத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதுங்கள். நடந்ததை எழுதுங்கள். எழுதி முந்நூறிலும் ஒட்டுங்கள்.

யதுர்ஷிகா சோதனை எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதுவாளாம். இன்னும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

சிவலட்சுமி

●

வட்டக்கச்சி
07.04.2025

சிவலட்சுமி அவர்களுக்கு,

பிள்ளை சோதனை எழுதாதது எனக்குத் தெரியாது. நாற்பது வருடம் பிள்ளைகளைச் சோதனைக்கு அனுப்பிய கை இது.

குடும்ப விஷயம் என்று முன்னர் எழுதியதைச் சொல்லிவிடுகிறேன். கமலாசனியின் கடிதம் இரண்டே வரி. “அண்ணை, அந்தாளை விடுங்கோ, துணி கிடக்கட்டும் எண்டு நான் உங்கட கையைப் பிடிச்சு அழுதனான். உங்களுக்கு அப்பவே காது கேக்கேல்ல.”

அவள் கையைப் பிடித்தது எனக்கு நினைவில் இல்லை. முப்பத்துநான்கு வருடமாக நினைவில் இல்லை. கொப்பியில் அந்த நாளுக்கு ‘10.32, இரண்டு குண்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ஐம்பத்திரண்டாவது தடவை அது. அதோடு கொப்பி எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று நூலில் இல்லை.

எண்பத்தேழாம் பக்கத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். படித்துப் பாருங்கள்.

“1991 ஆனி மாதம் எனது தங்கையின் திருமணத்தன்று, எனது பிடிவாதத்தினால் வயல் வரம்பில் நீளமாக வெள்ளை விரிக்கப்பட்டது. விமானம் மறுபடி வராது என்று நான் சொன்னது பிழைத்தது. ஆபத்தை உணர்ந்த சங்கிலி என்னும் மாமனிதர், எல்லோரையும் காக்கும் பொருட்டுத் தானாகவே பதுங்குகுழியிலிருந்து பாய்ந்து சென்று, அந்த வெள்ளையைச் சுற்றும்போது தன் உயிரை ஈந்தார். ஜெயரூபியும் அவர் கணவரும் தம் குடிசையில் உயிரிழந்தனர். சங்கிலியின் தியாகத்துக்கு இந்நூல் காணிக்கை.”

அச்சகத்தில் கொடுக்கவில்லை. கையால் எழுதி ஒட்டுகிறேன். நாற்பது பிரதி முடிந்தது. இதற்கு மேல் என்னால் என்ன செய்யமுடியும் என்று தெரியவில்லை.

செல்வநாயகம்

●

நெடுங்கேணி
12.04.2025

செல்வநாயகம் மாஸ்டருக்கு,

வாசித்தேன். நீங்கள் எங்கள் கொப்பிகளில் போடுவது போலச் சிவப்புப் பேனையால் கோடு போட்டு அனுப்புகிறேன்.

பிடிவாதம் என்று எழுதியது சரி. பிழைத்தது என்று எழுதியதும் சரி. ஜெயரூபி அக்காவுக்குப் பெயர் கிடைத்தது சரி. மாமனிதரில் இருந்து ஈந்தார் வரைக்கும் வெட்டியிருக்கிறேன்.

என் அப்பாவுக்குத் தியாகம் என்றால் என்னவென்று தெரியாது, மாஸ்டர். பயந்த மனிதர். எழுபத்தேழு கலவரத்தில், மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஆட்களின் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவர். சத்தம் கேட்டால் முதல் ஆளாக ஒளிந்துகொள்வார். அன்றைக்கும் ஒளியத்தான் வந்தார். கலியாண வீட்டு ஆட்களுக்கு வழி விட்டதால் கடைசி ஆளானார். தானாக அவர் பாயவில்லை. நீங்கள் ‘டேய்’ என்றீர்கள், அதனால் போனார். உங்கள் கொப்பியை நம்பியதைப் போலத்தான் உங்கள் ‘டேய்’யையும் நம்பினார்.

கூலியாளைக் கொன்றுவிட்டு மாமனிதராக்குவது உங்களுக்கு வசதிதான். மாமனிதரை யாரும் ஏவ முடியாது. அப்போது ஏவினவனும் இல்லாமல் போய்விடுகிறான். இந்தத் தந்திரத்தைவிட அந்தத் தகரக் கூரையே மேல்.

கத்தினதை அப்படியே எழுதுங்கள். ஒரு சொல்லும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். முடிந்த நாற்பதையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். காணிக்கை வேண்டாம், உங்களிடமே வைத்திருங்கள்.

வெளியீட்டுக்கு யதுர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். அவளைச் சம்மதிக்க வைக்கும் வேலை என்னுடையது. கடைசி வாங்கில் இருக்கமாட்டோம். அந்தப் பக்கத்தை நீங்கள் எழுந்து நின்று வாசிக்கவேண்டும். சத்தமாக. உங்களுக்குக் கேட்காது, சபைக்குக் கேட்கும்.

சிவலட்சுமி

●

வட்டக்கச்சி
23.04.2025

சிவலட்சுமி அவர்களுக்கு,

நாற்பதையும் கிழித்தேன். முந்நூறும் எழுதி ஒட்டியாயிற்று. கத்தினது கத்தினபடியே இருக்கிறது. முதல் பத்துப் பிரதியில் அந்த ‘டேய்’ என்ற சொல்லில் பேனை நின்று நின்று மை பரவியிருக்கிறது. அதையும் மாற்றவில்லை.

முன் வாங்கில் இரண்டு இடம் வைத்திருக்கிறேன்.

வாசிப்பேன். ஆனால் என் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. அந்த வரி வரும்போது நான் அடக்கி வாசித்தால், யதுர்ஷிகாவைக் கையை உயர்த்தச் சொல்லுங்கள். திரும்ப வாசிக்கிறேன்.

செல்வநாயகம்